பார்வையாளர் நோட்டில் ஒரு மகள்

சின்னதுரையைப் பற்றி நான் ஏற்கெனவே ஐந்து வரி எழுதியிருக்கிறேன். எளாவூரில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் முதியோர் இல்லம். மொத்தம் இருபத்தைந்து பேர். இல்லத்தை நடத்துவது ஒரு டிரஸ்ட். எங்கள் செலவைக் கட்டுவது அரசாங்கம். யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று முடிவு செய்வது மாவட்ட அலுவலகம். அந்த இடத்துக்கு இங்கே சீட்டு என்று பெயர். காலேஜில் பிள்ளைகளுக்குச் சீட்டுக் கிடைப்பது போல எங்களுக்கும் கிடைத்திருக்கிறது, இந்த வயதில்.

சீட்டு கிடைத்த ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு உண்டு. கோப்பில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு இருக்க வேண்டும் என்பது அலுவலகத்தின் விதி. வார்டன் விக்டோரியாவுக்கு எழுத்து வேலை என்றாலே தலைவலி. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் இருபத்தைந்து குறிப்பையும் என் தலையில் கட்டிவிட்டாள். சின்னதுரைக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: "வயது 70. இரும்பு உருட்டாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மனைவி காலமானார். பிள்ளைகள் இல்லை. இளைப்பு நோய் உண்டு." எல்லாம் உண்மை. மீதியை இப்போது எழுதுகிறேன். யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள்.

என் பெயர் யதிராஜன். திருவள்ளூர் கோயில் மடப்பள்ளியில் நாற்பத்தோரு வருஷம் பொங்கலும் புளியோதரையும் கிளறினவன். கல்யாணம் ஆகவில்லை. அண்ணா பிள்ளை ஜனார்தனனோடு இருந்தேன். அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்ததும், "சித்தப்பா, ரெண்டே மாசம், வீடு பாத்ததும் வந்து அழைச்சுண்டு போறேன்" என்று சொல்லி, எங்கெங்கேயோ அலைந்து, எனக்கு இந்தச் சீட்டை வாங்கிக் கொடுத்தான். நாலு வருஷம் ஆகிறது. வீடு இன்னும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

நான் சேர்ந்து மூன்று மாதம் கழித்துத்தான் சின்னதுரை வந்தான். எங்கள் அறையில் இரண்டு கட்டில். ஒன்று ஜன்னல் ஓரம், இன்னொன்று கக்கூஸ் கதவோரம். ஜன்னலில் இருந்து பார்த்தால் பஸ் ஸ்டாப் தெரியும், செக்போஸ்டுக்குக் காத்து நிற்கும் லாரி வரிசை தெரியும், யார் இறங்குகிறார்கள் யார் ஏறுகிறார்கள் என்று பொழுது போகும். முன்னால் வந்தவனுக்குத்தானே அது? இல்லையாம். அவனுக்கு இளைப்பு, காற்று வேண்டுமாம். விக்டோரியா என் படுக்கையைச் சுருட்டிக் கதவோரக் கட்டிலில் போட்டாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, "இன்னா சாமி, கோச்சுக்கினியா?" என்று கேட்டான்.

எனக்கு அவன்மேல் பொறாமை. வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது. முதலில் அது ஜன்னல் பொறாமைதான். பிறகுதான் வளர்ந்தது. அவன் ஒன்றுமே செய்ய மாட்டான். பாடத் தெரியாது, கதை சொல்லத் தெரியாது, பேப்பர் படிக்கத் தெரியாது. வருகிறவர் போகிறவரிடம் "நாஷ்டா துன்னியா?" என்று கேட்பான், அவ்வளவுதான். அதற்கே சமையல்காரி அவன் தட்டில் இன்னொரு இட்லி வைப்பாள். நான் சாம்பாரில் உப்பு கம்மி என்று உள்ளதைச் சொன்னால் முறைப்பாள். மடப்பள்ளிக்காரன் சொல்கிறேன், எனக்குத் தெரியாதா உப்பு? தெருநாய்கூட என்னைத் தாண்டிப் போய் அவன் காலடியில்தான் படுக்கும். நான் போட்ட பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அவனிடம் போய்ப் படுக்கும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். பொறுக்க முடியாதது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

எங்கள் இல்லத்தில் ஞாயிறு பத்து மணியில் இருந்து ஒரு மணிவரை பார்வையாளர் நேரம். வாசல் கேட்டுக்கு உள்பக்கம் ஒரு மேஜை, மேஜைமேல் நோட்டு, நோட்டுக்கு முன்னால் நான். அதுவும் கையெழுத்தால் வந்த வேலைதான். பெயர், ஊர், யாரைப் பார்க்க, உறவு, நேரம், கையெழுத்து என்று கட்டம் போட்டு வைத்திருந்தேன். உறவு என்ற கட்டம் முக்கியம். ஒருமுறை 'தெரிந்தவர்' என்று எழுதி உள்ளே வந்த ஒருவன், பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு கிழவியின் காதுத் தோட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து உறவுக்காரருக்கு மட்டும்தான் உள்ளே அனுமதி. தெரிந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போகலாம். நானும் என் பங்குக்கு ஒரு விதி போட்டிருந்தேன். நோட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. அட்டையிலேயே சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தேன்.

அந்த ஞாயிறு முப்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண் வந்து நின்றாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் ஒயர்கூடை. பெயர் ஜெபா, கும்மிடிப்பூண்டி, சின்னதுரையைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"என்ன உறவும்மா?"

"உறவுன்னு... எங்க அப்பா அந்தோணியும் அவரும் ஒரே மில்லுல வேலை செஞ்சாங்க. அஞ்சு மாசமா தேடிக்கினு இருக்கேன் சாமி. குடிசைய காலி பண்ணிட்டு எங்க போனாருன்னே தெரில. ஒரு கண்டக்டர்தான் இங்க பாத்தேன்னு சொன்னாரு."

"அப்போ தெரிஞ்சவா. வெளியிலதான் நிக்கணும்."

அவள் கண் நிறைந்துவிட்டது. அன்று நான் நல்ல மனநிலையில் இருந்தேன். காலையில் யாரோ புண்ணியவான் திருவள்ளூரில் இருந்து பிரசாதம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதோடு, விதியை வளைக்கிற அதிகாரம் என் கையில் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். "சரி, மகள்னு போட்டுக்கறேன். கையெழுத்துப் போடு" என்றேன். அவள் போட்டாள். பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தாள்.

உள்ளே போனவள் அவனைப் பார்த்ததும், "நைனா" என்று கூப்பிட்டாள். ஆந்திர எல்லை ஓரத்து ஊர்களில் அப்பா வயதுக்காரரை அப்படிக் கூப்பிடுவது வழக்கம்தான். ஆனால் அவள் கூப்பிட்ட விதத்தில் இருபத்து நாலு பேரும் திரும்பிப் பார்த்தோம். பிறகு கூடையில் இருந்து அவித்த முட்டை, எலுமிச்சை ஊறுகாய், பவுடர் டப்பா எல்லாம் எடுத்தாள். கடைசியில் ஒரு நகவெட்டி எடுத்தாள். தரையில் உட்கார்ந்து, அவன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக நகம் வெட்டினாள்.

எனக்கு எரிந்தது அங்கேதான். அண்டாவும் தவலையுமாகத் தூக்கி என் முதுகு முப்பது வயதிலேயே வளைந்துவிட்டது. ஆறேழு வருஷமாக என்னால் குனிந்து கால் நகம் வெட்ட முடியாது. நகம் வளர்ந்து பக்கத்து விரலைக் குத்தும். வேலைக்காரப் பெண்ணிடம் சொன்னால் "அப்பறமா சாமி" என்பாள். நான் காலைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, அந்த நகவெட்டி டக் டக் என்று சத்தம் போடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜெபா மாதம் இரண்டு ஞாயிறு வந்தாள். ஒவ்வொரு முறையும் நான்தான் 'மகள்' என்று எழுத வேண்டும். எனக்கென்று தனிப் பையில் வாழைப்பழம் கொண்டுவருவாள், முட்டைக் கூடையோடு படாமல். அவள் அவ்வளவு யோசிப்பது எனக்கு இன்னும் பேஜாராக இருந்தது. திட்டுவதற்கு ஒரு காரணம்கூடக் கொடுக்காத பெண்.

அப்படி என்ன செய்துவிட்டான் அவளுக்கு, என்று ஒருநாள் அவனிடமே கேட்டுவிட்டேன். அவன் சொன்னது பெரிய கதை ஒன்றும் இல்லை. அப்பா அம்மா இருவரும் வயல் கூலிகள். அந்த வயல்களில் கம்பெனி வந்ததும் இவன் மில்லுக்குப் போனான். பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியால் பிடித்து இழுக்கிற வேலை, முப்பத்திரண்டு வருஷம். ஒருநாளும் நிரந்தரம் ஆகவில்லை. பெண்டாட்டி கல்யாணமான மூன்றாம் வருஷமே போய்விட்டாள். கூட வேலை செய்த அந்தோணி மஞ்சள் காமாலையில் போனபோது ஜெபா நாலாங்கிளாஸ். அவள் அம்மா காலையில் ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுவாளாம். பள்ளிக்கூடம் மூன்று மைல், நடுவில் லாரி ரோடு.

"நைட் ஷிப்ட் முடிச்சி வருவேன் சாமி. வர வழில சைக்கிள்ல குந்த வெச்சி இஸ்கூல்ல உட்டுட்டு அப்பறமா போய்த் தூங்குவேன். அவ்ளோதான்."

"எத்தனை நாள்?"

"ப்ளஸ் டூ முடிக்கிற வரிக்கும்."

"ஒன்பது வருஷமா?"

"இருக்கும். ஆனா உள்ள உட மாட்டாங்க. அப்பாவான்னு கேப்பாங்க, இல்லன்னுவேன். ஆண்டு விழா அன்னிக்கிகூட கேட்டாண்டயே நின்னு பாட்ட கேட்டுட்டு வந்துடுவேன்."

அப்புறம் அவள் அம்மாவும் போனாள். ஜெபா கல்யாணம் கட்டிக்கொண்டு போனாள். அவனுக்கு இளைப்பு வந்து மில்லில் நிறுத்திவிட்டார்கள். வாடகைக் குடிசையும் போய், ரயில்வே ஸ்டேஷனில் கிடந்தவனை அலுவலகத்து ஆட்கள் கொண்டுவந்து இங்கே சேர்த்தார்கள். ஜெபாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவனேதான் சொல்லியிருக்கிறான். ரெண்டு ரூம் வீடு, மாமியார் வேறு, அவளுக்கு எதற்குத் தொந்தரவு என்று.

சைக்கிளில் கொண்டுபோய் விட்டதற்கு மடியில் காலை வைத்து நகம் வெட்டுகிறாள். நான் ஜனார்தனனுக்கு எத்தனை வருஷம் மடப்பள்ளியில் இருந்து தூக்கில் சக்கரைப் பொங்கல் கொண்டுபோயிருக்கிறேன். அவனுக்கு ஞாபகம் இருக்குமா?

போன வருஷம் பங்குனியில் வருஷாந்திரச் சோதனைக்கு மாவட்ட அலுவலகத்தில் இருந்து ஒரு மேடம் வந்தார். பிள்ளைகள் ஆதரவு இல்லாதவர்களுக்குத்தான் சீட்டு. யாருக்காவது பிள்ளை இருந்து வந்துபோய்க்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பொறுப்பை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். சீட்டு, காத்திருக்கும் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். மேடம் ஒவ்வொரு கோப்பாகப் புரட்டிக்கொண்டே வந்தார். சின்னதுரை கோப்பு வந்தது.

"இவருக்கு யாரும் இல்லையா?"

"யாரும் இல்ல மேடம்," என்றாள் விக்டோரியா.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதற்கு முந்தின நாள்தான் ஞாயிறு. ஜெபா அவனுக்குப் புதுச்சட்டை கொண்டுவந்து, போட்டுவிட்டு, காலரை நீவிவிட்டு, எட்டி நின்று அழகு பார்த்தாள். அவன் அந்தச் சட்டையோடு மேடத்துக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தான்.

"பார்வையாளர் நோட்டையும் பாத்துடுங்கோ மேடம்," என்றேன். "நான்தான் எழுதறேன். ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது."

வேலையைக் காட்டிப் பெருமைப்படுகிறவன் போலத்தான் நீட்டினேன். ஆனால் அந்தப் பக்கம் தானாகத் திறந்துகொள்ளவில்லை. நான் திறந்தேன். மேடம் விரலை வைத்துப் படித்தார். மகள், மகள், மகள். எட்டு இடத்தில்.

"பிள்ளைகள் இல்லைன்னு கோப்பில இருக்கே?"

"அவர் சொன்னதை எழுதினேன் மேடம். இது வந்தவா சொன்னது. ஏதோ கண்ணுல பட்டுது. வெளியில எத்தனையோ பேர் சீட்டுக்குக் காத்துண்டிருக்கா, பாவம்."

நான் மற்றவர்களுக்காகப் பரிதாபப்பட்டதைப் பார்த்து விக்டோரியா வாயைப் பிளந்தாள். பத்து நாளில் விசாரணை, மகளை வரச் சொல்லுங்கள் என்று மேடம் எழுதிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் சின்னதுரை என் கட்டிலுக்கு வந்தான். நான் காட்டிக்கொடுத்ததாக அவன் நினைக்கவே இல்லை. நோட்டைப் பார்ப்பது மேடத்தின் வழக்கம் என்று நினைத்துக்கொண்டான். அதுவும் எனக்குக் கோபம்தான். சந்தேகப்படக்கூடத் தெரியாதவன்.

"சாமி, அந்த மகள்ன்றத கொஞ்சம் மாத்திடேன். தெரிஞ்சவங்கன்னு போட்டுடு. அவ மாமியாரு ஒரு மாதிரி. இவ வந்து மாட்டிக்கினா ஊட்டுல ரகள ஆய்டும். இந்த சீட்டும் போச்சின்னா நா மறுபடியும் டேசன்லதான் படுக்கணும்."

"நோட்டுல அடித்தல் திருத்தல் கூடாது," என்றேன்.

"ஒரே ஒரு வார்த்த சாமி."

"எழுதினது எழுதினதுதான்."

அவன் "நீ சொன்னா சரி," என்று போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான்.

நான் கணக்குப் போட்டுவிட்டேன். மகள் இல்லை என்று அவள் சொன்னால், பொய் சொல்லி வந்தவள் என்று இனி கேட்டோடு நிறுத்திவிடுவார்கள். மடியும் நகவெட்டியும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் என்னைப் போலவே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். மகள்தான் என்று சொன்னால் அவனுக்குச் சீட்டுப் போகும், எனக்கு ஜன்னல் வரும். மாமியார் சேர்க்கவில்லை என்றால் அவன் எங்கே போவான் என்பதையும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நினைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

விசாரணை எங்கள் இல்லத்தின் ஆபீஸ் அறையிலேயே நடந்தது. நோட்டு எழுதுகிறவன் என்று என்னையும் உட்கார வைத்தார்கள். ஜெபா அரைநாள் லீவு போட்டு, அடையாள அட்டையோடு வந்தாள். மேடம் ஆதாரை வாங்கிப் பார்த்தார். அதில் கணவன் ஸ்டீவன் பெயர்தான் இருந்தது.

"அவர் பேரு சின்னதுரை. நீங்க ஜெபா?"

"அம்மா சர்ச்சுக்குப் போவாங்க மேடம்." அதில் பொய் எதுவும் இல்லை.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. நீங்க மகள்னா இவரைப் பாத்துக்கற பொறுப்பு உங்களுது. இன்னைக்கே கூட்டிட்டுப் போகணும். மகள் இல்லன்னா இல்லன்னு எழுதிக் குடுத்துடுங்க, இவர் இங்கயே இருக்கலாம்."

சின்னதுரை சுவரோரம் நின்றபடி, "இல்லன்னு சொல்லும்மா," என்றான். அவனுக்கு மூச்சு இரைத்தது.

ஜெபா அவனைப் பார்க்கவில்லை. மேடத்தைப் பார்த்து, "மகள்னு சொன்னா, கூட்டிக்கினு போயே ஆவணும்னு பேப்பர்ல போட்டுத் தருவீங்களா மேடம்? சீல் வெச்சி?" என்று கேட்டாள்.

"தருவோம். உங்க வீட்டு விலாசத்துக்கே ஆர்டர் வரும். மாசாமாசம் வி.ஏ.ஓ. வந்து விசாரிப்பாரு."

"அப்ப நா மகதான்."

கையெழுத்துப் போட்டாள். என் நோட்டில் போட்ட அதே கையெழுத்து. மேடம் சீல் குத்தினார். அந்தச் சத்தம் எனக்கு நகவெட்டிச் சத்தமாகவே கேட்டது.

வெளியே வராந்தாவில் அவள் விக்டோரியாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "ரெண்டு வருஷமா கெஞ்சறேன் அக்கா. எவனோ ஒருத்தன இன்னாத்துக்கு ஊட்ல வெக்கணும்னு மாமியாரு ஒரே புடி. எங்க ஊட்டுக்காரரு அம்மா பேச்ச மீற மாட்டாரு. இப்ப கவர்மெண்ட்டே ஆர்டர் போட்டுச்சி. மாமியாரு கவர்மெண்ட் பேப்பருக்கு ரொம்ப பயப்படும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அழுதுகொண்டும் இருந்தாள்.

அவர்கள் ஷேர் ஆட்டோவில் போனார்கள். ஏறுவதற்கு முன்னால் சின்னதுரை என்னிடம் வந்து என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டான். கம்பி சுட்ட தழும்பு அவன் முழங்கை வரைக்கும் பளபளவென்று இருந்தது. "சாமி, அன்னிக்கி நீ எழுதுன பாரு மகள்னு. அத்த மட்டும் நீ எழுதலன்னா நா இங்கயே செத்திருப்பேன். மாத்துன்னு நா கேட்டேன், நீதான் மாத்தக்கூடாதுன்னுட்ட. நீ நல்லவன் சாமி," என்றான்.

நான் கையை உருவிக்கொண்டேன். அவன் அதையும் நல்லவிதமாக எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜன்னல் கட்டில் எனக்கு வந்தது. கதவோரக் கட்டிலுக்கு வெங்கடேசன் என்று ஒருவர் வந்தார். காது கேட்காது, பேச்சும் இல்லை. பஸ் ஸ்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், லாரி எண்ணினேன். பொறாமை அவனோடு ஆட்டோ ஏறிப் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. முன்னால் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எல்லாவற்றையும் நானே நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. காலையில் அவனுக்கு யார் காபி கொடுப்பார்கள், சூடாகவா ஆறியா என்று. மாமியார் அவனை நாலு திட்டுத் திட்டுகிறாள் என்று நினைத்துப் பார்ப்பேன். ஐந்து நிமிஷம் நிம்மதியாக இருக்கும். வீடு என்று ஒன்று இருந்தால்தானே மாமியார் திட்டு என்று உடனே தோன்றிவிடும்.

இந்த மாதம் இரண்டாவது ஞாயிறு. நான் மேஜையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். சின்னதுரையும் ஜெபாவும் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். அவன் கொஞ்சம் சதை போட்டிருந்தான். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தது, சட்டை இஸ்திரி போட்டது.

"யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"உன்னத்தான் சாமி," என்றான்.

நாலு வருஷத்தில் அந்த நோட்டில் 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் என் பெயரை நான் எழுதினதே இல்லை. யதிராஜன் என்று எழுதினேன். அடுத்தது உறவு. பேனா அங்கே நின்றது.

விக்டோரியா பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள். வருஷாந்திரச் சோதனை பத்து நாளில். மேடம் இந்த முறை முதலில் நோட்டைத்தான் கேட்பார், கேட்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

ஜெபாவுக்கு என் தயக்கம் புரிந்துவிட்டது. கம்பி வழியாகக் குனிந்து, "எனக்கு மகள்னே போட்டுக்கோங்க சாமி. கையெழுத்து போடறேன்," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ரேஷன் கடையில் வரிசையில் முன்னால் போகச் சொல்வது போல.

இரண்டு வருஷம் நான் அவனிடம் எதைப் பார்த்து வெந்தேனோ, அதைக் கொண்டுவந்து என் பேனா முனையில் வைத்துவிட்டாள். நான் அந்த வார்த்தையை எழுதவில்லை. மகள் என்று எழுதினால் என் சீட்டுப் போகும். அவள் என்னையும் கூட்டிக்கொண்டு போவாளா? இருப்பதே இரண்டு ரூம். ஒரு பேப்பருக்குப் பயந்த மாமியார் இன்னொரு பேப்பருக்கும் பயப்படுவாளா? எனக்கு ஸ்டேஷனில் படுத்துப் பழக்கம் இல்லை. 'தெரிந்தவர்' என்று எழுதினேன், இரண்டு பேருக்கும்.

"அப்ப இப்டியே பேசிக்கலாம் சாமி," என்றான் சின்னதுரை. "சீட்டு முக்கியம்." கேட்டுக்கு வெளியே நிற்பது அவனுக்குப் பழக்கப்பட்ட வேலை. ஒரு குறையும் இல்லாமல் நின்றான். மாமியாரைப் பற்றிக் கேட்டேன். "அந்தம்மா தெனம் திட்டும். திட்டிக்கினே சோறு போடும்," என்று சிரித்தான். எனக்கு மறுபடி எரிந்தது.

ஜெபா கம்பி இடுக்கில் வாழைப்பழப் பையைக் கொடுத்தாள். வாங்குவதற்கு நான் கையை நீட்டியபோது, என் விரலைப் பார்த்தாள். "இன்னா சாமி இவ்ளோ நகம்?" என்று கேட்டுவிட்டுப் பையில் இருந்து நகவெட்டியை எடுத்தாள். என் கையைக் கம்பிக்கு வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, பத்து விரலுக்கும் வெட்டிவிட்டாள். அவள் கை சூடாக இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"கால்?" என்று கேட்டாள்.

கேட்டின் கீழ்ப்பாதி முழுக்கத் தகரம். காலுக்கு அவள் உள்ளே வர வேண்டும். உள்ளே வர உறவு வேண்டும். மேஜைமேல் நோட்டு திறந்திருந்தது, எழுதின மை காய்ந்திருந்தது. விக்டோரியா என்னைப் பார்த்தாள். "வேணும்னா மாத்திக்கோங்க சாமி, நா பாக்கல," என்றாள் மெதுவாக. நான் அட்டையில் ஒட்டியிருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தேன்.

"கால் நன்னாத்தான் இருக்கு," என்றேன்.

பத்து நிமிஷம் முடிந்தது. நான் அறைக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது. கும்மிடிப்பூண்டி பஸ் வந்தது. ஜெபா முதலில் ஏறி, திரும்பிக் கையைக் கொடுத்து அவனைத் தூக்கிவிட்டாள். பஸ் லாரிகளைத் தாண்டிப் போகும்வரை பார்த்தேன். பிறகு காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்து, நகம் குத்தாமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.